பேதிரிஸும் நாங்களும்

பாமன்கடைச் சந்தியிலிருந்து ஹெவ்லொக் வீதி வழியே திம்பிரிகஸ்யாய பக்கமாக நடந்தால் அரைமணி நேரத்துக்குள் ஹென்றி பேதிரிஸ் மைதானத்தை அடைந்துவிடலாம். ஹெவ்லொக் என்பவர் 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த வெள்ளையர். வீதிக்கும் மைதானத்துக்கும் முதலில் அவருடைய பெயர்தான் இருந்தது. பின்னாளில் மைதானத்துக்கு மட்டும், அதே வெள்ளை அரசாங்கம் சுட்டுக்கொன்ற ஓர் இளைஞனின் பெயர் வந்தது. அருகே இசிப்பத்தன மாவத்தையில் இருக்கும் இசிப்பத்தனாராமய விகாரையும் அவனுடைய ஞாபகார்த்தந்தான். டி.டி. பேதிரிஸ் என்ற செல்வந்தர் தமது ஒரே ஆண்பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் கட்டுவித்த விகாரை அது.

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வாழும் எங்களவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பெயரைத் தினமும் கடந்து போகிறார்கள். பேதிரிஸ் யார் என்று கேட்டால், 'சிங்கள ஆக்களின் ஒரு வீரர்' என்பதோடு பதில் முடிந்துவிடும். அவர் கொல்லப்பட்டது எந்தக் கலகத்தின் பெயரால், அதில் அடிபட்டவர்கள் யார், அவரைச் சுட்ட துப்பாக்கிகள் யாருக்கு நியாயம் வழங்குவதாகச் சொல்லிக்கொண்டன என்ற கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கலகம் எங்களுக்கு எதிராக நடந்தது. அந்த நியாயமும் எங்கள் பெயரிலேயே வழங்கப்பட்டது. ஆகவே பேதிரிஸ் வழக்கு எங்கள் வரலாற்றிலும் ஓர் அத்தியாயம் என்பது என் எண்ணம். நாங்கள் எழுதாமல் விட்ட அத்தியாயம் அது.

கலகத்து வருஷம்

1915இன் வேர் கம்பளையில் இருக்கிறது. வலஹாகொட தேவாலயத்துப் பெரஹர அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடந்து மேளதாளத்தோடு போகலாமா என்ற தகராறு 1912இல் நீதிமன்றப் படியேறியது. கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ், 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தை ஆதாரமாகக் கொண்டு 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. பௌத்தர்களின் மனத்தில் இது ஆறாத புண்ணாயிற்று. கண்டி ஒப்பந்தத்தின் நூறாவது ஆண்டிலேயே அந்த ஒப்பந்தத்தின் வாக்குறுதி பொய்த்துப்போனது என்று அவர்கள் கருதினார்கள். அதே காலத்தில் அநகாரிக தர்மபாலவின் எழுத்துக்களும் பேச்சுக்களும், ஊரூராகக் கடை வைத்திருந்த கரையோர முஸ்லிம் வியாபாரிகளை அந்நியச் சுரண்டற்காரர்களாகச் சித்திரித்துக்கொண்டிருந்தன. யுத்தகால விலையேற்றம் வேறு. அரிசிக்கும் துணிக்கும் விலை கூடியபோது, சிங்கள விவசாயி கண்ணால் கண்ட வெள்ளைக்காரன் ஒருவனுமில்லை. அவன் கண்டது 'ஹம்பயா' என்று அவன் அழைத்த கடைக்காரனைத்தான்.

மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு எதிரே பக்திப் பாடல் ஊர்வலமொன்று தடைப்பட்டபோது கல்லெறி தொடங்கியது. இரண்டு மூன்று நாட்களில் தீ கொழும்புக்கு வந்துவிட்டது. பின்னர் வெளியான உத்தியோகபூர்வ கணக்கின்படி 86 பள்ளிவாசல்கள் சேதமாக்கப்பட்டன, 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 4,075 கடைகள் கொள்ளையிடப்பட்டன. முஸ்லிம்கள் 25 பேர் கொல்லப்பட்டார்கள், 189 பேர் காயமுற்றார்கள். நான்கு பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள்.

கடையைப் பிடுங்கியவனுக்கு ஹம்பயா யார், இலங்கைச் சோனகர் யார் என்ற பேதம் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் 1915ஐக் 'கலகத்து வருஷம்' என்பார்கள். உம்மும்மாவின் வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக்கடை இருந்தது. கலகம் ஓய்ந்தபின் அவர் அங்கே போய்ப் பார்த்தபோது மிஞ்சியிருந்தவை முழக்கோலும் கணக்குப் புத்தகமும் மட்டுமே என்று உம்மும்மா சொல்வார். அந்தக் கணக்குப் புத்தகத்தில் கடன்காரர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். கலகத்துக்குப் பிறகு அவர்களில் சிலர் தாமாகவே வந்து கடனைத் தீர்த்தார்களாம். கொள்ளையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் உம்மும்மா இதையும் சேர்த்தே சொல்வார்.

இருபத்தாறு வயது

ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சேர் றொபட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இனக்கலகமாகத் தொடங்கியதை அரசாங்கத்துக்கு எதிரான சதியாகவே ஆட்சியாளர் பார்த்தார்கள். பஞ்சாப் சிப்பாய்கள் இறக்கப்பட்டார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் பலர். மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்ற டி.எஸ். சேனாநாயக்க, எஃப்.ஆர். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க முதலானோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாணச் சிறையில் காய்ச்சலால் இறந்தார்.

இவர்களுக்கிடையே ஹென்றி பேதிரிஸின் கதை தனியானது. 1888 ஆகஸ்டில் காலியில் பிறந்தவர். றோயலிலும் சென் தோமஸிலும் படித்தவர். குதிரையேற்றத்தில் பிரியமுள்ளவர். யுத்தம் தொடங்கியதும் அமைக்கப்பட்ட கொழும்பு நகரக் காவற்படையில் சேர்ந்த முதற் சிங்களவர் அவர்தான் என்பர். குறுகிய காலத்தில் கப்டனானார். அதாவது அவர் அரசரின் சீருடை அணிந்தவர், கலகத்தை அடக்கும் பக்கத்தில் நின்றவர். ஆத்திரத்தோடு வந்த கூட்டங்களைப் பேசிக் கலைத்தார் என்றுதான் அவருக்காகப் பேசியவர்கள் சொன்னார்கள். எதிர்த்தரப்போ, அவர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார், கலகத்தைத் தூண்டினார் என்றது. தேசத்துரோகம், கொலைமுயற்சி உள்ளிட்ட குற்றங்கள் சுமத்தப்பட்டன.

விசாரித்தது இராணுவ நீதிமன்றம். கொழும்பில் சாதாரண நீதிமன்றங்கள் பூட்டப்பட்டிருக்கவில்லை. நீதிபதிகளும் யூரிமாரும் இருந்தார்கள். இருந்தும் ஒரு மனிதனின் உயிர், அவசரத்தில் கூடிய படை அதிகாரிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு இடமில்லை. இலங்கையரும் பிரித்தானியருமான பிரமுகர்கள் அவருக்காக மன்றாடினார்கள். தேசாதிபதி இரங்கவில்லை. 1915 ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது வயது இருபத்தாறு. இரத்தம் தோய்ந்த அவரது நாற்காலியைச் சிறையிலிருந்த மற்றத் தலைவர்களுக்குக் காட்டிப் பயமுறுத்தினார்கள் என்பது இன்றுவரை சொல்லப்பட்டு வரும் செய்தி.

மே 28ஆம் திகதி முதற் கல் எறியப்பட்டது. ஜூலை 7ஆம் திகதி பேதிரிஸ் இறந்தார். இடையில் நாற்பது நாட்கள். எங்கள் வீடுகளில் ஒரு மையித்துக்கு நாற்பதாம் கத்தம் ஓதும் கால அளவு அது. அதற்குள் குற்றஞ்சாட்டி, விசாரித்து, தீர்ப்பளித்து, கொன்றும் முடித்துவிட்டார்கள்.

சப்பாத்துக்குள் ஒரு மனு

பேதிரிஸைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தச் சாவுக்குப் பிறகு தொடங்கிய போராட்டம் பெரியது. இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை விவரிக்கும் ஆவணத்தைச் சப்பாத்தின் அடித்தோலுக்குள் மறைத்துக்கொண்டு, நீர்மூழ்கிகள் திரிந்த கடலைத் தாண்டி லண்டன் போனார் ஈ. டபிள்யூ. பெரேரா. 'மோர்னிங் லீடர்' பத்திராதிபர் ஆர்மண்ட் டி சூசா, இராணுவச் சட்டத்தின் கீழ்க் கழிந்த நாட்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் நீண்ட உரைகள் ஆற்றினார். அவை 1916இல் லண்டனில் நூலாகின. இங்கிலாந்து சென்று திரும்பியபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். சால்மர்ஸ் 1915 முடிவதற்குள் இலங்கையை விட்டுப் போக நேர்ந்தது.

இந்தக் காட்சி எங்களுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இராமநாதன்மீது எங்களுக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் கிடைப்பதற்கு முந்திய ஆண்டான 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் ஆசியக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். 'நீங்கள் எங்களவர்' என்று 1888இல் சொன்னவர், 1915இல் எங்கள் கடைகள் எரிந்தபோது எங்களுக்காக ஒரு சொல் உரைக்காமல், எரித்தவர்களின் பக்கம் நின்று வாதாடினார் என்பதே எங்கள் முன்னோர் மனத்தில் பதிந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையிலான பிணக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எவரும் இந்த இடத்தைத் தவறவிடுவதில்லை.

அந்த மனக்குறை நியாயமானது. ஆனாலும் அதற்குள் இரண்டு விஷயங்கள் ஒன்றாகப் பிசையப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். இராணுவ நீதிமன்றம் அநீதியானது, விசாரணையின்றிச் சுட்டது கொலை, பேதிரிஸுக்குக் கிடைத்தது நியாயமன்று என்று வாதாடியது முதல் விஷயம். இதில் இராமநாதன் சொன்னது சரி. அந்த வாதத்துக்கு வலுச்சேர்க்க, கலகத்தின் பழியில் ஒரு பங்கைச் சோனகர் தலையில் சுமத்தியதும் அவர்களுடைய இழப்பைச் சிறிதாக்கியதும் இரண்டாவது விஷயம். இங்கே அவர் பிழைத்தார். நிரபராதி ஒருவனைக் காப்பாற்றுவதற்காக அடிபட்டவனின் காயத்தை மூடி மறைக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. வெள்ளைக்காரனின் கடுமையை எங்களுக்குக் கிடைத்த நீதியாக எண்ணி நன்றி பாராட்டினோம். அவன் எங்களுக்காகவா சுட்டான்? தன் ஆட்சிக்கு ஆபத்து என்று பயந்து சுட்டான். கொள்ளையின் நட்டத்துக்கு ஈடாகச் சிங்களவர்களிடம் பணம் அறவிடப்பட்டது உண்மை. ஆனால் தீயைத் திட்டமிட்டு மூட்டியவர் யார், எந்த வியாபாரப் போட்டி அதற்குப் பின்னால் இருந்தது, பொலிசார் தொடக்க நாட்களில் ஏன் கைகட்டி நின்றார்கள் என்பவை ஆர அமர விசாரிக்கப்படவேயில்லை. பிழையான ஆளைத் தண்டித்தால் சரியான ஆள் தப்பிவிடுகிறான். அதனால் பேதிரிஸின் வாப்பாவுக்கு மட்டுமன்றி, புறக்கோட்டையில் கடை இழந்தவனுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அவசர நீதி அடிபட்டவனிடமிருந்தும் உண்மையைக் களவாடிவிடுகிறது.

கவசத்தின் கதை

இது மார்க்கத்துக்குப் புறம்பான பேச்சன்று. சூறத்துன் னிஸாவின் 105ஆம் வசனத்திலிருந்து தொடரும் பகுதிக்குத் தப்ஸீர்கள் கூறும் பின்னணியை எங்கள் மத்றஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். மதீனாவில் ஒரு முஸ்லிம் கவசமொன்றைத் திருடி, அகப்படப் போகிறோமென்று தெரிந்ததும் அதை ஒரு யூதரிடம் சேர்த்துவிட்டுப் பழியை அவர்மேல் போட்டார். குலத்தார் திரண்டு வந்து தங்கள் ஆளுக்காகவே பேசினார்கள். யூதர் நிரபராதி என்று வஹீ இறங்கியது. அக்காலத்தில் மதீனத்து யூதர்களோடு முஸ்லிம்களுக்கு இருந்த உறவு சுமுகமானதல்ல என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வசனங்களின் கனம் விளங்கும். ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை நீதி தவறக் காரணமாகக் கூடாதென்ற கட்டளை சூறத்துல் மாயிதாவிலும் இருக்கிறது. தண்டிப்பதில் பிழை விடுவதைக் காட்டிலும் மன்னிப்பதில் பிழை விடுவது தலைவனுக்கு மேலென்ற கருத்தில் ஆயிஷா நாயகியின் அறிவிப்பொன்று திர்மிதியில் வருகிறது. சந்தேகம் இருக்குமிடத்தில் தண்டனை விலகும் என்பது புகஹாக்களின் அடிப்படை விதி.

இவற்றையெல்லாம் நாங்கள் கிதாபில் ஓதியிருந்தோம். ஆனால் எங்கள் பிள்ளையொருத்தி வாளுக்கு முன் நிறுத்தப்பட்டபோதுதான் அவை எங்கள் தொண்டைக்கு வந்தன.

மூதூர் றிசானா நபீக் 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனாள். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982. பிறப்புச் சான்றிதழில் 1988. போய்ச் சில வாரங்களுக்குள் அவளிடம் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் ஊட்டும்போது புரையேறியது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றார்கள் பெற்றோர். ஆரம்பத்தில் அவளிடமிருந்து ஒரு வாக்குமூலம் பெறப்பட்டது. அவளுடைய தமிழை அரபுக்குப் பெயர்த்தவர் தமிழை முறையாக அறிந்தவரல்லர். முதல் விசாரணையில் அவளுக்கு ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. பின்னர் அந்த வாக்குமூலத்தை அவள் மறுத்தாள். 2007 ஜூன் 16ஆம் திகதி தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டுக்குத் தவணை ஒரு மாதம். சட்டத்தரணிக்கான பெருந்தொகையை ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரட்டிக் கொடுத்தது. அவளுக்காகக் கையொப்பமிட்டவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர், வெளிநாட்டவர் எல்லோரும் இருந்தார்கள். மேல்நீதிமன்றங்கள் தீர்ப்பை உறுதிப்படுத்தின. அரசாங்கம் சவூதி மன்னருக்கு வேண்டுகோள் விடுத்தது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவள் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அன்று இலங்கைப் பாராளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது.

அந்த ஆண்டுகளில் எங்களுக்குள் நடந்த விவாதத்தை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷரீஅத் தீர்ப்பைக் கேள்வி கேட்பது ஈமானுக்கு ஆகாது என்றார்கள் சிலர். கேள்வி ஷரீஅத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. பருவமடையாத பிள்ளைக்குக் கிஸாஸ் உண்டா, விளங்காத மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் ஒப்புதலாகுமா, வயதைத் தீர்மானிக்கப் போலிக் கடவுச்சீட்டுப் போதுமா என்பவையே கேள்விகள். ஷரீஅத்தே கேட்கச் சொல்லும் கேள்விகள் அவை.

மொழிபெயர்ப்பு ஒரு மனிதனின் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்பதை எழுத்தாளர்களாகிய நாங்கள் இன்னொரு முறையும் கண்டோம். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை எழுதிய மன்னார் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதானார். தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளே தீவிரவாதமென்று சிங்களத்தில் விளக்கம் பெற்றன. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் உயிரோடு இருந்தார். அதனால் தீர்ப்பு அவரை வந்தடைந்தது.

மன்னிப்பும் நிரபராதமும்

பேதிரிஸை அப்படியொரு தீர்ப்பு வந்தடையவில்லை. அவரது குடும்பத்தாரும் ஆதரவாளரும் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டு வந்தது 2024இல் ஓரளவு நிறைவேறியது. ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவருக்கு மரணத்துக்குப் பிந்திய மன்னிப்பு வழங்கி, அவரைத் தேசிய வீரராகவும் வர்த்தமானியில் பிரகடனம் செய்தார். இது நல்ல காரியம். ஆனாலும் 'மன்னிப்பு' என்ற சொல் எனக்கு இடறுகிறது. குற்றம் செய்தவனைத்தானே மன்னிப்பார்கள்? மன்னிப்புக் கேட்க வேண்டியது அவரைக் கொன்ற அரசாங்கம்.

அந்த வர்த்தமானி வெளியானபோது எங்கள் தரப்பிலிருந்து யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். 1915இல் அடிபட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள், அன்று எங்கள் பெயரால் நடந்த இந்த அநியாயத்தில் எங்களுக்குச் சம்மதமில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் 86 பள்ளிவாசல்களின் கணக்குக் குறைந்துவிடாது. அளுத்கமையையும் திகனையையும் 2019 மே மாதத்து மினுவாங்கொடையையும் பற்றி நாங்கள் கேட்கும் நியாயத்துக்கு வலு கூடத்தான் செய்யும். பிறருக்கு நடந்த அநீதியைச் சொல்லும் வாய்க்குத் தன் காயத்தைச் சொல்லும் உரிமை இரட்டிப்பாகிறது.

இந்நாட்டில் கடைசியாகத் தூக்குக்கயிறு இழுக்கப்பட்டது 1976 ஜூனில். தண்டனை சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் சிறைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 2019இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வரின் தூக்குக்கு ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததனால் அது நடக்கவில்லை. ஆத்திரம் பொங்கும் காலங்களில் கயிற்றைத் திரும்பக் கொண்டுவா என்ற குரல் எழும். எங்கள் தெருக்களிலும் எழும். அப்போது வெலிக்கடையில் உள்ள ஒரு கைதி சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா என்று பார்த்துவிட்டா கையொப்பமிடப் போகிறோம்? மூதூர்ப் பிள்ளைக்காகக் கையொப்பமிட்ட அந்நியர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் இன்னும் எங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.